பலாவின் குரல்

கறம்பக்குடிப் பக்கத்தில் பலா மரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், பழத்தோடு பேச்சு முடிந்துவிடும். அந்த மரத்துக்கு ஒரு குரலும் உண்டு என்பதை, வடக்கே தஞ்சாவூரில் வீணை செய்கிற ஆசாரிகளிடம் போனால் தெரிந்து கொள்ளலாம். வீணைக்குக் குடமும் தண்டியும் பலாதான். மிருதங்கக் கட்டையும் அதுவே.

மேல்நாட்டில் இந்த மரியாதை ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்துக்கு. குளிர் மலைகளில் மெல்ல வளர்வதால் அதன் வளையங்கள் நெருங்கி இருக்கும். எடை லேசு, ஆனால் நார் ஓடும் வாக்கில் நல்ல விறைப்பு. நாதத்துக்கு இரண்டும் வேண்டும். கனத்த பலகையைத் தந்தியால் அசைக்க முடியாது. விறைப்பில்லாத பலகையோ தந்தியின் இழுப்புக்கே வளைந்துவிடும். ஸ்பெயின் தேசத்தில் தோரஸ் என்ற கிதார் ஆசாரி 1862-ல் ஒரு வேடிக்கை செய்தார். மேல் பலகைக்கு மட்டும் ஸ்ப்ரூஸை வைத்து, முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்துவிட்டார். கிதாரின் குரல் மேல் பலகையில் இருக்கிறது என்று காட்டத்தான்!

பலா அந்த ஜாதி இல்லை, ஸ்ப்ரூஸைவிடக் கனம். ஆனாலும் உளிக்கு இணங்கும். நன்றாகக் காய்ந்துவிட்டால் எளிதில் முறுக்கிக்கொள்ளாது. கறையானும் லேசில் அண்டாது. குடத்தையும் தண்டியையும் ஒரே கட்டையில் குடைந்தெடுத்தால் அது ஏகாண்ட வீணை. அதற்குப் பருத்த அடிமரம் வேண்டும். தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரம் பெரும்பாலும் பண்ருட்டிப் பக்கத்துப் பலா.

எங்கள் பக்கத்துப் பலாவுக்கு வேறு விதி. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தபோது, தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. சில நாள் கழித்து ஒரு தோட்டத்தில், விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், "ஐயா, இது வீணைக்கு ஆகுமே" என்றேன்.

"ஆகும் தம்பி. எங்க தாத்தா வச்ச மரம், ஆகாம போகுமா? ஆனா யாரு வந்து தட்டிப் பாக்கப் போறா? காளவாய்க்காரன்தான் லாரியோட வந்து நிக்கிறான்" என்றார்.

அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? விழுந்த மரம் எத்தனை நாள் காத்திருக்கும்?

மறுபடியும் கன்று நட்டிருக்கிறார்கள். ஒட்டுக் கன்று என்றால் நாலைந்து வருஷத்தில் காய்த்துவிடும். வீணைக்கு ஆகிற அடிமரம் பேரன் காலத்துச் சங்கதி. அன்றைக்கு விலை பேச வருகிறவர்களில் ஒருவராவது, அதை விரலால் தட்டிக் கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.