பேரு தெரியாம யாருக்காக ஜெபம் பண்றது?

1/ கொஞ்சம் நீளமான த்ரெட். டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க. பத்து நாள், பதினைந்து நாள் என்று வெளிநாட்டுக்கு மருத்துவ ஊழியம் போகும் சபைக் குழுக்களைப் பற்றியது. "டாக்டர், எங்க சபையில இருந்து ஒரு டீம் போகுது. காணிக்கை கேக்குறாங்க. கொடுக்கலாமா? என்னன்னு ஜெபிக்கணும்?" என்று இந்த மாதம் மட்டும் நான்கு பேர் கேட்டுவிட்டார்கள்.

2/ இரண்டு முறை போய் வந்தவன் நான். முதல் முறை செய்த தப்பைத்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். ஜெபம் என்று வரும் இடத்தில் அக்கறை என்று வைத்துக்கொள்ளுங்கள். விஷயம் மாறாது.

3/ போனது மலாவி. தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் கடலே இல்லாத நாடு. பரப்பில் தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் சின்னது, ஜனத்தொகை சுமார் 2 கோடி. மும்பை, அடிஸ் அபாபா வழியாக பிளான்டயர் போய் இறங்கி, அங்கிருந்து வண்டியில் ஒரு மிஷன் மருத்துவமனைக்கு. நாங்கள் 9 பேர், 12 நாள். பெட்டி பெட்டியாக மாத்திரை கொண்டு போயிருந்தோம்.

4/ அங்கே டாக்டர்கள் ரொம்பக் குறைவு. மாவட்ட மருத்துவமனைகளைத் தாங்கிப் பிடிப்பது 'கிளினிக்கல் ஆபீசர்' என்று சொல்லப்படுபவர்கள். மூன்று வருட டிப்ளமோ, ஒரு வருடப் பயிற்சி. அங்கே நடக்கும் சிசேரியன்களில் பெரும்பாலானவை இவர்கள் கையால்தான். நான் எம்.பி.பி.எஸ்., எம்.டி. என்று போய் நின்றபோது, அந்த ஊர் ஆபீசர் ராத்திரி இரண்டு சிசேரியன் முடித்துவிட்டு, காலையில் எங்களுக்குக் கேம்ப் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.

5/ அங்கே நோயாளியின் கேஸ் ஷீட் நோயாளி கையிலேயே இருக்கும். 'ஹெல்த் பாஸ்போர்ட்' என்று ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். எங்கே போனாலும் எடுத்து வருவார்கள். யார் பார்த்தாலும் அதில்தான் எழுதணும். இந்த நோட்டை ஞாபகம் வச்சுக்கங்க, கடைசியில் திரும்ப வரும்.

6/ கேம்பின் மூன்றாம் நாள் ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கலாம். தலைவலி என்றார். பி.பி. 210/120. பத்து நிமிடம் உட்கார வைத்துத் திரும்பப் பார்த்தேன், அதேதான். கையோடு கொண்டு போன ஆம்லோடிபின் 30 மாத்திரை கொடுத்தேன். "ஒரு மாசம் கழிச்சு மறுபடி பி.பி. பாக்கணும்" என்று மொழிபெயர்த்த பையன் வழியாகச் சொன்னேன். நோட்டில் எழுதினேன். அவர் "ஸிக்கோமோ" என்று நன்றி சொல்லிக் கும்பிட்டார். போட்டோ எடுத்துக்கொண்டோம். வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

7/ ஊர் திரும்பியதும் சபையில் சாட்சி சொல்லும் ஞாயிறு. ஸ்லைடு போட்டேன். அந்த அம்மா படமும் இருந்தது. "இத்தனை நூறு பேரைப் பார்த்தோம், இத்தனை ஆயிரம் மாத்திரை கொடுத்தோம்" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். ஐயர் சால்வை போட்டார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

8/ ஆராதனை முடிந்து வெளியே வரும்போது டீச்சரம்மா நிறுத்தினார். ரிட்டயர்டு பள்ளிக்கூட டீச்சர். எழுபது தாண்டியவர். எனக்கு மூன்றாம் வகுப்பு எடுத்தவர். கையில் எப்பவும் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கும். ஜெபக்குறிப்பு நோட்டு.

"தம்பி, அந்தத் தலைவலிக்காரம்மா பேரு என்னய்யா?"
"தெரியலையே டீச்சர்."
"பேரு தெரியாம ஆண்டவர்கிட்ட யாரைக் கொண்டு போய் நிறுத்துறது?"

9/ திட்டவில்லை. நிஜமாகவே கேட்டார். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. 210/120 ஞாபகம் இருக்கு, மாத்திரை எண்ணிக்கை ஞாபகம் இருக்கு, பேர் மட்டும் இல்லை. எங்கள் மருத்துவமனையில் ஒரு ஹவுஸ் சர்ஜன் பேஷண்ட் பேர் தெரியாமல் கேஸ் சொன்னால் நானே ரவுண்ட்ஸில் நிறுத்தி வைத்துக் கேட்பேன்.

10/ சும்மா தட்டிக் கழிக்கப் பார்த்தேன். டீச்சரம்மா விடவில்லை. அடுத்த ஞாயிறு கேட்டார். அதற்கடுத்த ஞாயிறும் கேட்டார். அவர் தொல்லை தாங்காமல் அந்த கிளினிக்கல் ஆபீசருக்கு போட்டோவோடு வாட்ஸ்அப் அனுப்பினேன். நாங்கள் திரும்பி வந்து அப்போது மூன்று மாதம். பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது. பேர் வந்தது. கூடவே இன்னொரு வரியும் வந்தது: பக்கவாதம், இடது கை, இடது கால்.

11/ நடந்தது இதுதான். மாத்திரை முப்பதாம் நாள் தீர்ந்துவிட்டது. பக்கத்து அரசு ஆரோக்கிய நிலையத்தில் ஹைட்ரோகுளோரோதயாசைடு இலவசமாகக் கொடுக்கிறார்கள். பழைய, விலை குறைந்த, நல்ல மாத்திரை. அந்த அம்மா வாங்கவில்லை. "வெளிநாட்டு டாக்டர் வேற மாத்திரை கொடுத்தார், ஒரு மாசத்துல திரும்ப வந்து பாக்குறேன்னு சொன்னார்" என்று எங்களுக்காகக் காத்திருக்கிறார். நான் 'பாக்கணும்' என்றது, மொழி மாறியதில் 'நான் வந்து பார்ப்பேன்' ஆகியிருக்கிறது.

12/ மருத்துவமா ஒரு விஷயம் சொல்லிடறேன். உயர் ரத்த அழுத்தம் காய்ச்சல் மாதிரி அல்ல, ஒரு கோர்ஸில் முடிந்துபோவதற்கு. பெரும்பாலானவர்களுக்கு வருடக்கணக்கில் மாத்திரை வேண்டும். முப்பது நாள் மாத்திரை முப்பது நாளுக்குத்தான் வேலை செய்யும். அந்த அம்மாவை நான் சும்மா அனுப்பியிருக்கவும் முடியாது. செய்திருக்க வேண்டியது வேறு: அந்த ஊரில் என்றும் கிடைக்கிற மாத்திரையில் ஆரம்பித்து, அந்த மருத்துவமனைப் பதிவேட்டில் பேரை ஏற்றி, அங்கேயே இருக்கப் போகிற நர்ஸ் முகத்தைக் காட்டி அனுப்பியிருக்கணும். கூடப் போனால் பத்து நிமிட வேலை.

13/ டீச்சரம்மாவிடம் போய்ச் சொன்னேன். "பரவாயில்லப்பா, நீ என்ன பண்ணுவ" என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் நோட்டைத் திறந்து பேரை எழுதினார். "இப்போ அவங்களுக்கு என்ன வேணும்? அதைச் சொல்லு" என்றார். சொன்னேன்: மாத்திரை ஸ்டாக் தீராமல் இருக்கணும், யாராவது கை கால் பயிற்சி சொல்லிக் கொடுக்கணும், அம்மாவைப் பார்க்கப் பள்ளிக்கூடத்தை நிறுத்தின மகள் திரும்பப் போகணும். மூன்றையும் எழுதிக்கொண்டார்.

14/ அவர் நோட்டில் மூன்று கட்டம். பேர், தேதி, மூன்றாவது 'என்ன ஆச்சு'. மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. மாதம் பிறந்தால் எனக்குப் போன். "மாத்திரை வாங்கினாங்களாய்யா? அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகுதா?" எனக்குத் தெரியாது. அதனால் நான் மலாவிக்கு மெசேஜ் அனுப்பணும். அந்த ஆபீசர் ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்லணும்.

15/ ஜெபம் பண்ணினால் பி.பி. குறையும் என்று நான் எழுதவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபம் பண்ணுங்க என்று யாராவது சொன்னால் அங்கேயிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நான் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான்: தென்மாவட்டத்தில் ஒரு வயசான அம்மா பேர் சொல்லி ஜெபித்ததால், மலாவியில் ஒருவரை மறக்க யாருக்கும் வழியில்லாமல் போனது. மருத்துவத்தில் அதற்கு ஃபாலோ-அப் என்று பேர். எங்கள் 9 பேரும் செய்யாமல் விட்டதை, பாஸ்போர்ட்டே எடுக்காத டீச்சரம்மா செய்தார்.

16/ இரண்டு வருடம் கழித்து மறுபடி போனோம். இந்த முறை 3 பேர். போகும் முன் "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டோம். முதல் முறை இந்தக் கேள்வியையே கேட்கவில்லை. "கேம்ப் வேண்டாம்" என்றார்கள். பி.பி., சுகர் பதிவேடு ஒழுங்கு பண்ணக் கூட உட்காரணும், நர்ஸ்களுக்கு வகுப்பு எடுக்கணும், பி.பி. கருவிக்குச் சரியான அளவில் கஃப் வேணும். அப்புறம் கொஞ்சம் தயங்கி அந்த ஆபீசர் கேட்டார்: "நீங்க டியூட்டி பாத்துக்கிட்டா நான் ஒரு வாரம் லீவுல எங்க அம்மாவைப் பாத்துட்டு வரலாமா?" அவர் லீவு எடுத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அந்த நாட்டு மெடிக்கல் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு வாங்கிக்கொண்டு போய் டியூட்டி பார்த்தேன். சிசேரியனுக்கு மட்டும் பக்கத்து மருத்துவமனை ஆபீசர் வந்தார். என் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த வெளிநாட்டு ஊழியம் அதுதான்.

17/ மருந்து அனுப்ப ஆசைப்படுபவர்களுக்கு. மருந்து நன்கொடைக்கு உலக சுகாதார நிறுவனம் 1996-லேயே வழிமுறை வெளியிட்டிருக்கிறது. சுருக்கம்: அவர்கள் கேட்ட மருந்தாக இருக்கணும், அந்த நாட்டு மருந்துப் பட்டியலில் இருக்கணும், போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருடமாவது காலாவதிக்கு மிச்சம் இருக்கணும். வீட்டு அலமாரியில் மிச்சமான ஸ்ட்ரிப், சாம்பிள் மருந்து வேண்டவே வேண்டாம். அதைப் பிரித்து அழிப்பதே அவர்களுக்கு ஒரு வேலை.

18/ காணிக்கை கொடுப்பவர்களுக்கு. எங்கள் குழுவில் இப்போது ஒரு கட்டுப்பாடு: டிக்கெட்டுக்கு ஒரு ரூபாய் செலவானால், அங்கேயே தங்கும் வேலைக்கு ஒரு ரூபாய் போகணும். அதனால்தான் 9 பேர் 3 பேரானோம். மிச்சப் பணத்தில் ஒரு நர்ஸ் மேற்படிப்புக்குப் போனார். நாங்கள் 12 நாளில் கிளம்பிவிடுவோம். அவர் அங்கேயே இருப்பார்.

19/ அப்படியானால் குறுகிய காலப் பயணமே வீணா? இல்லை. ஐடா ஸ்கடர் 1890-ல் திண்டிவனம் வந்தது உடம்பு முடியாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள. சீக்கிரம் அமெரிக்காவுக்குத் திரும்பிவிடத்தான் எண்ணம். ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைக் காப்பாற்றக் கூப்பிட்டார்கள். இவருக்கு வைத்தியம் தெரியாது. ஆண் டாக்டரான அப்பாவை அவர்கள் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். திரும்பிப் போய் மருத்துவம் படித்து 1900-ல் வந்தார். அதுதான் இன்றைய வேலூர் சி.எம்.சி. நாமே அந்தப் பக்கத்தில் இருந்து வாங்கியவர்கள். முகம் தெரியாத யாரோ கொடுத்த பணத்தில், பண்ணின ஜெபத்தில் எழும்பின கட்டடத்தில் நம்மில் எத்தனை பேர் பிறந்திருக்கிறோம்!

20/ இன்னொன்று. மலாவியில் பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். அந்த மிஷன் மருத்துவமனையில் தினமும் காலை வேலை ஆரம்பிப்பதே பாட்டும் ஜெபமுமாகத்தான். இரண்டாம் முறை போனபோது ஒரு நர்ஸ் சிச்சேவா மொழியில் ஜெபித்தார். நடுவில் எங்கள் மூன்று பேர் பேரும் கேட்டது. நாம்தான் அவர்களுக்காக ஜெபிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

21/ கிளம்பும் முன் அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். வாசலில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். கோல் பிடித்து நடக்கிறார். இடது கை இன்னும் வரவில்லை, இனி வராது. என்னை அடையாளம் தெரிந்தது. முதல் வார்த்தையே, "ஒரு மாசம்னு சொன்னீங்களே." மன்னிப்புக் கேட்டேன். ஆபீசர் மொழிபெயர்த்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் ஹெல்த் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். ஒரு பக்கத்தில் என் கையெழுத்து. அதற்குப் பின்னால் நிறையப் பக்கம், மாதா மாதம் அந்த ஊர் நர்ஸ் கையெழுத்து. கடைசி பி.பி. 140/90. மகள் பள்ளிக்கூட யூனிபார்மில் நின்றாள்.

22/ எழுந்திருக்கும்போது கேட்டார்: "எனக்காக உங்க ஊர்ல ஒரு அம்மா ஜெபம் பண்றாங்களாமே, அவங்க பேரு என்ன?" சொன்னேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவை சரியாக வந்தது. ஊருக்கு வந்து டீச்சரம்மாவிடம் சொன்னேன். மூன்றாவது கட்டத்தில் எழுதிக்கொண்டார். கட்டத்தை மூடவில்லை. "மாத்திரை இன்னும் சாப்பிடணும்ல?" என்றார்.

23/ அதனால் உங்கள் சபையில் டீம் போகுது என்று அறிவித்தால் மூன்று கேள்வி கேளுங்கள். உங்களை அங்கே கூப்பிட்டது யார்? நீங்கள் வந்த பிறகு பார்த்துக்கொள்ளப் போவது யார்? அவர்கள் பேர் என்ன? பதில் இருந்தால் தாராளமாகக் கொடுங்கள், ஜெபியுங்கள். போகிறவர்களுக்கு மட்டும் இல்லை, அங்கே இருக்கிறவர்களுக்கும். பிளைட் இறங்கியதும் நிறுத்திவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து அந்த டாக்டரைப் பிடித்து, "என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். அவருக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். பரவாயில்லை, கேளுங்க.