பூஜ்யம் என்று ஒரு கட்டம்

செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டி ஒரு தெருவில் மாடியறை எடுத்து இரண்டு மாதம் தங்கியிருந்தேன். மலையைத் தேடி வரவில்லை. சமூக ஊடகம் பதின்வயதுப் பிள்ளைகளின் தூக்கத்தையும் மனநிலையையும் என்ன செய்கிறது என்று விசாரித்து எழுதித்தர ஒப்புக்கொண்டிருந்தேன். நாற்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள், 'ஒருபோதும் இல்லை'யில் ஆரம்பித்து 'எப்போதும்' வரை. ஆசிரமத்து மயில்கள் கத்தும்போது எழுந்து கட்டங்களை எண்ண உட்கார்ந்துவிடுவேன்.

எண்ணிக்கையில் எனக்கு அவநம்பிக்கை கிடையாது. ஆனால் எண்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. பிள்ளைகளின் மனநலத்தில் காணும் வேற்றுமையில் அதிகபட்சம் 0.4 சதவிகிதத்தைத்தான் திரைப்பயன்பாட்டால் விளக்கமுடிகிறது என்று 2019இல் ஏமி ஆர்பெனும் ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கியும் கணக்கிட்டார்கள். 2023இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி விவேக் மூர்த்தி, தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் அதில் கழிக்கும் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு, பதற்றத்தின் அறிகுறிகள் தோன்றும் அபாயம் இரண்டு மடங்கு என்று எச்சரித்தார். ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள் கணக்கு வைத்துக்கொள்வதையே தடுத்துவிட்டது. போன் பிள்ளையை வாடவைக்கிறதா, வாடிய பிள்ளை போனிடம் போகிறதா என்ற கேள்வி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

பத்தாவது படிக்கும் ஒரு பையன். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். தூக்கம் எத்தனை மணி என்று கேட்டேன். "வீட்ல ஒரே போன் சார். அப்பா படுத்தப்புறம்தான் என் கைக்கு வரும்" என்றான். பௌர்ணமி இரவுகளில் கிரிவலக் கூட்டத்தோடு அப்பாவும் போனும் வெளியே போய்விடுவதால் அன்றைக்கு மட்டும் நன்றாகத் தூங்குவானாம். என் தாளில் இதற்குக் கட்டம் இல்லை.

பிறகு ஒரு பெண். ஒன்பதாம் வகுப்பு. அவளிடம் போனே கிடையாது. அதில் ஆச்சரியமில்லை. 2023ஆம் ஆண்டின் 'அசர்' கணக்கெடுப்பில், ஸ்மார்ட்போனைக் கையாளத் தெரிந்த 14-18 வயதுக் கிராமத்துப் பையன்களில் 43.7 சதவிகிதத்தினருக்குச் சொந்த போன் இருந்தது, பெண்களில் 19.8 தான். உபயோகிக்கும் நேரம்: பூஜ்யம். எழுதிக்கொண்டேன். போகும்போது சொன்னாள். யாரோ அவளைப் படம் பிடித்து, பாட்டுச் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். அவள் அதைப் பார்த்ததில்லை. தெருவே பார்த்திருக்கிறது. பத்து நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. நான் சந்தித்தவர்களில் அதிகம் அடிபட்டவள் பூஜ்யத்தில் இருந்தாள்.

1896 செப்டம்பர் முதல் தேதி இந்த ஊரில் வந்து இறங்கிய வேங்கடராமனுக்கு வயது பதினாறு. வீட்டில் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு வந்த பையன். பேச்சில்லை, உணவில் நாட்டமில்லை. பிள்ளைகள் கல்லெறிந்தார்கள். ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாள லிங்கத்தில் போய் உட்கார்ந்தான். பூச்சிகள் தொடையை அரித்தன. என் தாளை அவனிடம் நீட்டியிருந்தால் எல்லாக் கட்டங்களும் ஆபத்தில் முடிந்திருக்கும். இதை ஒரு சாமர்த்தியமாகக் குறித்துவைத்து, அன்றிரவே அடித்துவிட்டேன். அவனுக்கு இறங்கி மறைய ஒரு பாதாளம் இருந்தது. கல்லெறிந்தவர்களும் பொழுது சாய்ந்தால் வீடு திரும்பினார்கள். இந்தப் பெண்ணுக்கு எந்த மண்டபம்?

என் மகளுக்கும் வயது பதினைந்து. புறப்படுவதற்கு முதல்நாள் அவள் போனைப் பிடுங்கி அலமாரியில் பூட்டினேன். "நீ எந்நேரமும் அதத்தாம்ப்பா பாக்கற. உனக்கு மட்டும் அதுக்குப் பேரு ஆராய்ச்சி" என்றாள். அதன்பின் பேசவில்லை. பூட்டியதால் அவள் தூக்கம் கூடியதா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவேயில்லை. முன்னூறு பிள்ளைகளிடம் கேட்டதை.

பூஜ்யத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெண்ணின் பத்து நாட்களைப் பெயரில்லாமல் எழுதி அனுப்பினேன். குறிப்புகளுக்கு அட்டவணையில் இடமில்லை என்று பதில் வந்தது. எடுக்கவில்லை. ஊர் திரும்பியதும் அலமாரியைத் திறந்தேன். போனை வாங்கிக்கொண்டு, "அந்த ஊர்ல என்ன கேட்ட?" என்றாள். நாற்பது கேள்விகளில் ஒன்றுகூட அப்போது நினைவுக்கு வரவில்லை.