லாரி திரும்பும் இடம்

கிளாவரையில் நான் செய்ததை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. பாதியைச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பாதி பொய்.

2024 மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்த புதிது. நான், மனைவி, மகன், மைத்துனர். கார் என்னுடையது. ஓட்டியதும் நான்தான்.

எத்தனை ஏரி, எத்தனை அருவி, எத்தனை பள்ளத்தாக்கு என்று நோட்டில் எழுதிவைத்து, பார்த்ததும் டிக் அடிக்கிற ஆள் நான். கொடை ஏரி 1863ல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் உண்டாக்கியது, அது நிரம்பி வழிகிற தண்ணீர்தான் வத்தலகுண்டு மலைப்பாதையில் வெள்ளி அருவியாக 180 அடி விழுகிறது, தலையாறு அருவியின் உயரம் 297 மீட்டர். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இதையெல்லாம் ஒப்பித்துக்கொண்டே வந்தேன். யாரும் கேட்கவில்லை. குணா குகையில், அந்தக் குகையை வைத்து எடுத்த மலையாளப் படம் வந்த வருஷம் என்பதால், நெரிசல் தாங்கவில்லை. "டூரிஸ்ட் கூட்டம்" என்று முகத்தைச் சுளித்தேன். நான் வேறு ரகம் என்று நினைப்பு. அதனால்தான் மூன்றாம் நாள் கிளாவரை.

பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி தாண்டினால் கிளாவரை. தார்ச்சாலை அங்கே முடிகிறது. அப்பால் வட்டவடைக்குப் போக நடைதான். ரோடு முடிகிற ஊரில் பஸ்ஸும் லாரியும் திரும்ப ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தில்தான் காரை நிறுத்தினேன்.

தெரியாமல் நிறுத்தவில்லை. நாலு டீ குடித்துக்கொண்டிருந்தபோதே கடைக்கார அக்கா சொன்னார்: "சார், அது லாரி திரும்புற இடம். பத்தரைக்கு லோடு எடுக்க வந்துரும். கொஞ்சம் கீழ தள்ளி விட்ருங்க." கீழே இடமும் இருந்தது. இருநூறடி நடக்க வேண்டும், அவ்வளவுதான். "அரை மணி நேரத்துல வந்துருவோம்க்கா. காசும் அப்பவே தர்றேன்" என்றேன். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ஓடைப்பக்கம் இறங்கிவிட்டேன்.

கோடை மழை பெய்திருந்தது. ஓடை ஒரு பாறையில் ஆளுயரத்துக்கு விழுந்துகொண்டிருந்தது. அதையும் அருவி என்று நோட்டில் எழுதினேன். படம் எடுத்தேன். நுரை சரியாக விழவில்லை என்று மறுபடி எடுத்தேன்.

அப்போதுதான் அந்தக் குரல். மேலே வரப்பிலிருந்து ஒரு பையன் கூப்பிட்டான்: "கார்க்காரங்களே! கார்க்காரங்களே!" மனைவி, "நம்மளையா?" என்றாள். "யாரையோ" என்றேன். எங்களைத்தான் என்று எனக்குத் தெரியும். ஊரில் வேறு கார் இல்லை. மணி பதினொன்று. குரல் இன்னும் இரண்டு தடவை வந்தது. பிறகு வேறு பக்கம் போய்விட்டது. தண்ணீர்ச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்று பிறகு நானே சொல்லிக்கொண்டேன். நன்றாகக் கேட்டது.

மேலே ஏறி வரும்போது ஒன்றரை. காரின் பின்கண்ணாடியிலும் பக்கவாட்டிலும் சேற்றுக்கைகள் பதிந்திருந்தன. தள்ளிப் பார்த்திருக்கிறார்கள். ஹேண்ட் பிரேக் போட்டு கியரிலும் விட்டிருந்தேன், அசையவில்லை. என் கண் முதலில் எதைத் தேடியது தெரியுமா? கீறலை.

லாரி மேலே வந்து திரும்ப முடியாமல் கீழ் வளைவிலேயே நின்றிருக்கிறது. மூட்டைகளைத் தலையில் சுமந்தும் மட்டக்குதிரையில் ஏற்றியும் இறக்கியிருக்கிறார்கள். ஒரு மணிக்கு மேல் டிரைவரால் காத்திருக்க முடியவில்லை. சாயங்காலத்துக்குள் ஒட்டன்சத்திரம் போய்ச் சேர வேண்டும். சனிக்கிழமை அங்கே மார்க்கெட் லீவு. பதினெட்டு மூட்டை கேரட் பாதை ஓரத்தில் கிடந்தது. கழுவிய கேரட். கழுவினால் நிறமும் விலையும் ஏறும், ஆயுசு குறையும். ஞாயிற்றுக்கிழமை வரை அது எந்த நிலையில் இருக்கும் என்று அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். ஒரு பெரியவர் மூட்டைகள் மேல் ஈரச்சாக்கை விரித்துக்கொண்டிருந்தார். அவருடைய மூட்டைகள்தான்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மன்னிப்பு கேட்டிருப்பேனோ என்னவோ. "என்னாச்சு சார்?" என்றுதான் கேட்டார். நான் பயந்துவிட்டேன். சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். "வண்டி ஸ்டார்ட் ஆகலைங்க. மெக்கானிக்குக்குப் போன் பண்ண சிக்னல் தேடிப் போனோம்" என்றேன். யோசிக்காமல் வந்தது.

பெரியவர் சாக்கைப் போட்டுவிட்டு எழுந்தார். "தள்ளிவிடுங்கப்பா" என்றார். மூட்டை சுமந்து களைத்த அதே ஆட்கள் வந்து காரின் பின்னால் கை வைத்தார்கள். மைத்துனரும் தள்ளினார். அவருக்கும் உண்மை தெரியும். மனைவி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. நான் உள்ளே உட்கார்ந்து, கிளட்சை மிதித்துக்கொண்டு, இஞ்சினை எழுப்பாமல் முப்பதடி தூரம் அவர்களைத் தள்ளவிட்டேன். அப்புறம் சாவியைத் திருப்பினேன். பின்னால் யாரோ சந்தோஷத்தில் விசில் அடித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பன்னிரண்டு வயது.

மூட்டைக்கு என்ன விலை என்று கேட்கவில்லை. பையில் பணம் இருந்தது. கேட்டால் என் தவறு என்றாகிவிடுமே. "பார்த்துப் போங்க சார்" என்றார் பெரியவர்.

ஊர் திரும்பி இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! மலைவாசிகள் எவ்வளவு நல்லவர்கள், வேலையைப் போட்டுவிட்டு எங்கள் காரைத் தள்ளிவிட்டார்கள் என்று. அப்படிச் சொல்லும்போதெல்லாம் மகன் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவான்.

டீக்கடை அக்காவுக்கு மட்டும் எல்லாம் தெரியும். நான் புறப்படும்போது கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்காதது போல ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நாலு டீக்குக் காசும் கொடுக்கவில்லை.