தூதர் சாஸ்திரியார்

அரசியலிற் பழகிய ஒருவர் பிறநாடுகளுக்குத் தூது செல்லுங்கால் அவர் கைக்கொள்ளும் படைக்கலம் யாது? சொல்லொன்றே. ஔவையார் அதியமான் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றதும், வள்ளுவர் தூதுக்கெனத் தனி அதிகாரம் வகுத்ததும் யாவரும் அறிந்தவை. ஆயினும், அடிமைப்பட்டிருந்த நாட்டின் தூதர் வெறும் சொல்லால் என் சாதித்தல் கூடும்? எங்கள் நாகமலைப் புதுக்கோட்டையில் நண்பர்களோடு உரையாடுங்கால் இவ்வினா அடிக்கடி எழுவதுண்டு. அப்போதெல்லாம் என் நினைவில் வருபவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார்.

1869-இல் எளிய குடும்பத்திற் பிறந்த அவர், திருவல்லிக்கேணி ஹிந்து உயர்தரப் பாடசாலையில் தலைமையாசிரியராய் விளங்கி, 1907-இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்திற் சேர்ந்தார். 1915-இல் கோகலே மறைந்தபின் அதன் தலைவரானார். 1921-இல் லண்டன் ஏகாதிபத்திய மகாநாட்டிற்கும், ஜினீவாவிலிருந்த சர்வதேச சங்கத்திற்கும், வாஷிங்டன் மகாநாட்டிற்கும் இந்தியப் பிரதிநிதியாகச் சென்றார்.

நிற்க. அவரது தூதிற்கு உண்மையான சோதனை தென்னாப்பிரிக்காவில் நேர்ந்தது. 1860 முதல் நம்மவர் சென்னையிற் கப்பலேறி நேட்டால் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாய் உழன்றனர். அவர்தம் வழியினரை ஒதுக்கிவைக்க அந்நாட்டார் மசோதாக் கொணர்ந்தபோது, 1926-27-இல் கேப்டவுனில் மகாநாடு கூடிற்று. சாஸ்திரியாரும் அதிற் கலந்துகொண்டார். மசோதா கைவிடப்பட்டது; ஆனால், பொருளுதவி பெற்றுத் தாய்நாடு திரும்ப விழைவாரை அனுப்பும் ஏற்பாட்டிற்கு நம்மவர் இசைய வேண்டியதாயிற்று. காந்தியடிகளின் விருப்பத்திற்கிணங்க, அவர் 1927-இல் இந்திய அரசாங்கத்தின் முதல் ஏஜெண்டாக ஆண்டுச் சென்றார். வெள்ளையர் அவைகளில் இந்தியரது நியாயத்தை இனிதெடுத்துரைத்தார். இந்தியரிடமே பொருள் திரட்டி, அவர்தம் மக்கள் உயர்தரக் கல்வி பயில டர்பனில் ஒரு நிலையம் எழச் செய்தார். 1929-இல் திறக்கப்பெற்ற அது சாஸ்திரி கல்லூரி எனப் பெயர் பெற்றது.

அவர் மிகவும் இணங்கிப் போனார் எனக் குறைகூறினோர் உளர். அக்குறை முற்றும் பொய்யென யான் கூறேன். 1950-இல் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் பிறந்தது. கேப்டவுன் உடன்பாடு தந்த நம்பிக்கை பாழாயிற்று. அதனைக் காணாமலே சாஸ்திரியார் 1946-இல் மறைந்தார். ஆயினும், கரும்புத் தோட்டத்தில் உழைத்தோரின் பேரர்கள் அக்கல்லூரியிற் பயின்று ஆசிரியரும் வழக்கறிஞருமாயினர். உடன்பாட்டை அழித்தோரால் அவர் கற்ற கல்வியை அழித்தல் இயலவில்லை.

மாணவ அன்பர்களே! சொல் தனித்து நின்றால் காற்றோடு போம். பிறர் நிழலில் தங்கப் பள்ளியொன்றை எழுப்புமாயின் அது நிலைக்கும். ஆசிரியராய்த் தொடங்கி, 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக் கழகத் துணைவேந்தராயும் அமர்ந்த அப்பெரியார், தூதராய்ச் சென்றவிடத்தும் ஆசிரியராகவே இருந்தார் என்பது என் துணிபு.