எந்த லேசர்?

உடும்பஞ்சோலையில் ஏலத்தோட்டத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த எனக்கு முகப்பருவுக்கு இரண்டு பெயர்கள் தெரியும். வீட்டில் பரு, பள்ளியில் முகக்குரு. ‘பரு’ பருத்தலோடு உறவுடைய சொல், வீக்கத்தைக் காண்கிறது. மலையாளக் ‘குரு’வுக்கு விதை என்றும் பொருள், அது உள்ளே புதைந்திருப்பதைக் காண்கிறது. (நம் வேர்க்குருவிலும் அச்சொல் உண்டு.) பதினான்கு வயதில் தொடங்கிய சீழ்ப்பருக்கள் இருபத்தெட்டிலும் என்னை விடவில்லை. ஒன்று ஆறினால் அவ்விடத்தில் மாதக்கணக்கில் கருமை. கருத்தரங்க மேடைகளில் கட்டுரையைவிட என் கன்னத்தையே நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

சென்ற ஆண்டு, உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணத்துடன் லேசர் சிகிச்சைக்காக ஓர் அழகு நிலையத்துக்குச் சென்றேன். “எந்த அலைநீளம்?” என்று வினவினேன். வரவேற்பில் இருந்தவர் ஆறு அமர்வுகளுக்கான தள்ளுபடி விலையைச் சொன்னார். எழுந்து வந்துவிட்டேன்.

அது அதிகப்பிரசங்கித்தனமான கேள்வியன்று. லேசர் என்பது ஒரே கருவியின் பெயரும் அன்று. சாய லேசரின் 585 அல்லது 595 நானோமீட்டர் ஒளியைக் குருதியின் ஹீமோகுளோபின் உறிஞ்சுகிறது. பருவின் சிவப்பையும் அழற்சியையும் தணிப்பதே அதன் நோக்கம். ஆனால் அவ்வொளியை மெலனினும் உறிஞ்சும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் கவனம் பிசகினால் கொப்புளமும் கருமையுமே மிஞ்சும். 1726 நானோமீட்டரில் நிலைமை வேறு. அங்கே நீரைவிடத் தோலின் எண்ணெய் ஒளியைக் கூடுதலாக ஏற்கிறது. மெலனின் மிகக் குறைவாகவே ஏற்கிறது. ஆகவே மேல்தோலைக் குளிர்வித்துக்கொண்டே, அடியிலுள்ள எண்ணெய்ச் சுரப்பியைச் சூடாக்கி ஒடுக்க இயலும். பருவையன்று, குருவைத் தேடிச் செல்லும் ஒளி! இந்த அலைநீளத்துக் கருவிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் முதன்முதலாக இசைவளித்தது 2022இல்தான். அதற்கு முந்தைய 2016ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வோ, 71 சோதனைகளைத் தொகுத்த பின்னும், பருவுக்கான ஒளிச் சிகிச்சைகளுக்கு உயர்தரச் சான்று போதவில்லை என்றே கூறியிருந்தது.

பின்னர் ஒரு தோல் மருத்துவரைக் கண்டேன். அவருடைய முதற்கேள்வி, “மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிப் பூசிய களிம்பு எது?” என்பது. வெட்கத்துடன் பெயரைச் சொன்னேன். ஸ்டீராய்டு கலந்தது; பருவை அதுவும் வளர்த்திருந்தது. அதை நிறுத்தச் சொல்லி, அடாபலீனும் பென்சாயில் பெராக்சைடும் எழுதித் தந்தார். லேசரைப் பிறகு பார்க்கலாம் என்றார்.

ஐந்து மாதங்கள் ஆகின்றன. புதிய பருக்கள் குறைந்துவிட்டன; கன்னத்துக் கருமை அப்படியே இருக்கிறது. மிச்சப் பணம் மடிக்கணினிக்குப் போயிற்று. சென்ற வாரம் மலைக்குச் சென்றபோது அப்பத்தா என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பார்த்தார். “குரு கொறஞ்சிருக்குத்தா” என்றார். பரு என்று அவர் சொல்லாததை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.