கலைந்ததும் கலைத்ததும்

மேகம் கலைகிறது. கூட்டம் கலைகிறது. தூக்கம் கலைகிறது, எண்ணெய் வைக்காத தலை கலைகிறது. கருவும் கலைகிறது. இத்தனைக்கும் ஒரே வினைச்சொல்லை வைத்துக்கொண்டு சமாளிக்கும் தமிழ், ஓர் இடத்தில் மட்டும் கறாராக இருக்கிறது. தானாக நடந்தால் கலைந்தது. யாரோ செய்தால் கலைத்தது. நடுவில் ஒரு ந், ஒரு த். தன்வினை, பிறவினை என்று பள்ளியில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதியதுதான். அது எனக்கு விளங்க 2010 கார்த்திகை வரை ஆயிற்று.

ஏழாவது வாரம். ஸ்கேன் எடுத்த பெண் திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதிலேயே தெரிந்துவிட்டது. “ஹார்ட் பீட் வரலைம்மா” என்று டாக்டர் பிறகு சொன்னது சம்பிரதாயம்.

வீட்டில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. பப்பாளி தின்னியா, ஸ்கூட்டர்ல ஸ்பீடு பிரேக்கர் ஏறினியா, குடத்தைத் தூக்கினியா. பூண்டு உரித்தபடி அத்தைதான் கேட்டார், என் மாமியார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். என் குற்றவாளி வேறு. அது அலமாரியில், லெட்ரோசோல் மாத்திரைப் பெட்டிக்குள், எட்டாக மடித்த தாளாக இருந்தது.

மருந்துப் பெட்டித் தாள்களை முழுக்கப் படிக்கிற ஜாதி நான். பூண்டுத் தோல் கனத்தில் தாள், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து, எவரும் படித்துவிடக் கூடாது என்ற அக்கறையோடு அச்சடித்திருப்பார்கள். லெட்ரோசோல், மார்பகப் புற்றுநோய்க்காக வந்த மாத்திரை. உடம்பில் ஈஸ்ட்ரோஜன் ஊறுவதைக் குறைப்பது அதன் வேலை. குறைந்துவிட்டதே என்று மூளை பதறி, சினைப்பையை முடுக்கும் ஹார்மோனைக் கூடுதலாக அனுப்பும், முட்டை வளரும். மூளையை ஏமாற்றி முட்டை வாங்கும் வித்தை. இதெல்லாம் எனக்குப் பிடித்தே இருந்தது. ஆனால் அந்தத் தாளில் ஒரு வரி: கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது. கர்ப்பத்துக்காகச் சாப்பிடுகிற மாத்திரையில்! தாள் மடிப்பில் கிழியும்வரை அந்த வரியைப் படித்தேன்.

மறுவருஷம், 2011 அக்டோபரில், குழந்தையின்மைக்கு லெட்ரோசோல் பயன்படுத்துவதை இந்தியா தடை செய்தது. மற்றவர்களுக்கு அது பேப்பரில் ஒரு பத்தி. எனக்குத் தீர்ப்பு. அப்படியானால் த் தான்.

2014இல் ஓர் அமெரிக்க ஆய்வு வெளியானது. பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பைக் கோளாறு உள்ள 750 பெண்கள். பாதிப் பேருக்கு லெட்ரோசோல், பாதிப் பேருக்குப் பழைய க்ளோமிஃபீன். பிள்ளை பெற்றவர்கள் முதல் அணியில் 27.5 சதவீதம், இரண்டாவதில் 19.1. கரு கலைந்த விகிதத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. 2017இல் இங்கே தடையும் விலகியது. த் என்று எழுதியவர்களே அடித்து ந் போட்டார்கள். எனக்கு யாரும் கார்டு போடவில்லை.

தாளை வைத்து நானே அப்போது கணக்குப் போட்டிருக்கலாம். மாதவிலக்கான இரண்டாம் மூன்றாம் நாளில் தொடங்கி ஐந்து நாள் விழுங்குகிற மாத்திரை. ரத்தத்தில் இரண்டு நாளைக்கு ஒருமுறை பாதி பாதியாகக் கரைந்துபோகும். முட்டை வெடிப்பதே அதற்கு ஒரு வாரம் கழித்து. கரு வந்து கருப்பையில் ஒட்ட இன்னும் ஒரு வாரம். விருந்தாளி வாசற்படி மிதிக்கும் முன்பே சமையல்காரர் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார். முதல் மூன்று மாதத்தில் கலைகிற கருக்களில் ஏறத்தாழப் பாதி, குரோமோசோம் எண்ணிக்கை பிசகியதால் கலைபவை. 46 இருக்க வேண்டிய இடத்தில் 47, அல்லது 45. ஸ்பீடு பிரேக்கருக்கு அதில் பங்கில்லை. இரவு இரண்டு மணிக்கு மட்டும் இந்தக் கணக்கு எதுவும் ஞாபகம் வராது.

பிறகு மாத்திரை போய் ஊசி வந்தது. அந்தப் பெட்டியிலும் தாள் இருந்தது. மருந்து எதிலிருந்து எடுக்கப்பட்டது என்ற வரியைப் படித்துவிட்டு, பல மாதங்களுக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தேன்: மாதவிலக்கு நின்ற பெண்களின் சிறுநீர். தேடிப் படித்தால் கதை இத்தாலிக்குப் போயிற்று. சினைப்பை ஓய்ந்த பிறகும் மூளைக்கு அது தெரிவதில்லை. பதில் வராத கதவை ஓங்கி ஓங்கித் தட்டுவதுபோல ஹார்மோனை அனுப்பிக்கொண்டே இருக்கும். அது வீணாகச் சிறுநீரில் போகும். பியரோ டோனினி என்ற விஞ்ஞானி 1940களின் கடைசியில் அதைப் பிரித்தெடுத்தார். ஆனால் மருந்தாக்க லிட்டர் கணக்கில் வேண்டும். தருகிறவர்களில் ஒருவர்கூடக் கர்ப்பிணியாக இருக்கக் கூடாது. அத்தனை வயதான பெண்கள் ஒரே கூரையின் கீழ் எங்கே கிடைப்பார்கள்? கன்னியர் மடத்தில். அவர் வேலை பார்த்த மருந்துக் கம்பெனியின் இயக்குநர் குழுவில் போப் பன்னிரண்டாம் பயஸின் அண்ணன் மகன் இருந்தார்; மடங்களின் கதவு திறந்தது. ஒரு பெண்ணின் ஒரு சுற்று சிகிச்சைக்குப் பத்துக் கன்னியாஸ்திரிகளின் பத்து நாள் சிறுநீர். அந்த மருந்தில் முதல் குழந்தை 1962இல் இஸ்ரேலில் பிறந்தது.

அப்புறம் உனக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். நான் இங்கே சொல்ல வந்தது கன்னியாஸ்திரிகளைப் பற்றி.

அத்தையிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அன்றும் பூண்டுதான். முகம் சுளிப்பார் என்று பார்த்தால், கத்தியைக் கீழே வைத்துவிட்டார். “உங்க மாமாவுக்கே தெரியாது. எனக்கும் ரெண்டு கலைஞ்சிருக்கு. அப்ப ஏது மாத்திரை, ஏது ஸ்கூட்டரு” என்றார். கலைஞ்சிருக்கு. ஞ்.

கொஞ்ச நேரம் உரித்தார்.

“ஏம்மா, எதுக்கு எடுத்துட்டுப் போறாங்கன்னு அந்தச் சிஸ்டருங்க கிட்ட யாராச்சும் சொன்னாங்களாமா?”

“அது போடலை அத்தை.”

“சொல்லியிருக்கணும்” என்றார். “தெரிஞ்சிருந்தா காலைல இன்னும் ரெண்டு சொம்பு தண்ணி சேத்துக் குடிச்சிருப்பாங்க.”