பாகு செய்த குற்றம்

2025 மே மாதத்தின் பிற்பகுதியில் ஜெய்ப்பூர் நகரத்து இனிப்பகம் ஒன்று தன் பெயரட்டைகளை மாற்றி எழுதியது. மைசூர் பாக், ‘மைசூர் ஸ்ரீ’ ஆயிற்று. மோத்தி பாக், ஆம் பாக், கோந்த் பாக் ஆகியவையும் தத்தம் வாலை இழந்து ‘ஸ்ரீ’ பெற்றன. ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 உயிர்கள் பறிக்கப்பட்டதும், மே 7 அன்று ஆப்பரேஷன் சிந்தூர் தொடங்கியதும், மே 10 அன்று சண்டை நின்றதும் அனைவரும் அறிந்தவை. எல்லையில் துப்பாக்கிகள் ஓய்ந்த பிறகு இனிப்புக் கடையில் தொடர்ந்த இந்தக் களையெடுப்பில் பிடிபட்ட குற்றவாளி ஓர் ஓரசைச் சொல்.

அந்தச் சொல்லுக்கும் அண்டை நாட்டுக்கும் ஓசையொப்புமை தவிர வேறு உறவு இல்லை. இனிப்பில் இருக்கும் பாக், சமைத்தலைக் குறிக்கும் ‘பச்’ என்னும் வடமொழி வேரிலிருந்து பிறந்த ‘பாக’. கன்னடத்தில் அது சர்க்கரைப் பாகைக் குறிக்கும். தமிழில் பாகு, நளபாகம். அதே வேரின் மற்றொரு கிளையான ‘பக்வ’ நமக்குப் பக்குவத்தையும் பக்காவையும் பக்கோடாவையும் தந்திருக்கிறது. இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குச் சென்ற ‘குக்’ கூட இக்குடும்பத்தின் தூரத்து உறவுதான். நாட்டின் பெயரில் இருக்கும் பாக்கோ பாரசீகம். ‘தூய’ என்பது பொருள். 1933இல் சௌத்ரி ரஹ்மத் அலி தம் துண்டறிக்கையில் அதை ‘பாக்ஸ்தான்’ என்றே எழுதினார். பஞ்சாப், ஆப்கானியா, காஷ்மீர், சிந்து, பலூசிஸ்தான் ஆகிய பெயர்களிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கிக் கோத்த பெயர் அது. ‘தூய நிலம்’ என்னும் விளக்கமும் அதற்குப் பொருந்தி வந்தது. பாரசீகப் ‘பாக்’கிற்கு வடமொழியில் உடன்பிறப்பு ஒன்று உண்டு என்பர் ஒப்பியல் மொழியியலாளர்: தீயைக் குறிக்கும் ‘பாவக’. பகைச்சொல்லின் சுற்றத்தாரைத் துரத்துவதே நோக்கமாயின், வேள்விக் குண்டத்தில் வீற்றிருக்கும் பாவகனை அல்லவா முதலில் விசாரித்திருக்க வேண்டும்? அகப்பட்டது கடலைமாவும் நெய்யும்.

இவ்விடத்தில் தமிழின் முன்யோசனையைப் பாராட்டாமல் இருக்க இயலவில்லை. வல்லின மெய்யில் சொல்லை முடிப்பது தமிழ் நாவுக்கு ஆகாது. ஆகவே ‘பாக்’ வந்தவுடன் அதற்கு ஓர் உகரம் கொடுத்துப் பாகு ஆக்கினர் சிலர். பேச்சில் அது ‘பாக்கு’ என்றாகி வெற்றிலைத் தட்டுக்கே போய்விட்டது. கோவையின் ஸ்ரீ கிருஷ்ணா ஸ்வீட்ஸ் மெய்யை அறவே விட்டுவிட்டு ‘மைசூர்பா’ என்று விற்றது. ஜெய்ப்பூர் அரும்பாடுபட்டு நீக்கியதை ஒலியியல் பல்லாண்டுகளுக்கு முன்பே எந்த ஆவேசமும் இன்றி நீக்கியிருக்கிறது.

மைசூருவில் செய்தி அவ்வளவு இலகுவாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் அரண்மனைச் சமையலர் காகாசுர மாதப்பா இந்த இனிப்பை முதலில் செய்தார் என்பது ஊரின் நம்பிக்கை. பெயர் என்ன என்று அரசர் கேட்க, வேறொன்றும் தோன்றாமல் ‘மைசூர் பாக’ என்றாராம். சயாஜி ராவ் சாலையில் குரு ஸ்வீட் மார்ட்டை நடத்திவரும் அவர் வழியினர் பெயர் மாற்றத்தை ஏற்கவில்லை. அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. ‘மைசூர் ஸ்ரீ’ என்பது உடற்கட்டுப் போட்டியில் வென்றவருக்குச் சூட்டும் பட்டம் போலன்றோ ஒலிக்கிறது! இந்தத் துண்டுக்காக ஊர் பதறுவது புதிதுமன்று. 2019 செப்டம்பரில், மைசூர்பாகுக்கான புவிசார் குறியீடு தமிழ்நாட்டுக்குக் கிடைத்துவிட்டது என்று கேலியாக இடப்பட்ட ஒரு ட்வீட்டை உண்மையெனக் கொண்டு கன்னட ஊடகங்கள் சில கொதித்தன. நகரமோ 2014 நவம்பர் 1 அன்று முறைப்படி ‘மைசூரு’ ஆகிவிட்டது. பல்கலைக்கழகமும் பட்டும் சோப்பும் இனிப்பும் இன்றளவும் ‘மைசூர்’தான்.

பெயரட்டையை மாற்றுவதற்குச் செலவு மிகக் குறைவு. நெய்யின் அளவு கூடுவதில்லை, விலை குறைவதில்லை, எல்லையில் இருப்பவருக்கு ஒரு காசும் போவதில்லை. ஆயினும் செய்தித்தாளில் இடம் கிடைக்கிறது. 2003இல் அமெரிக்க நாடாளுமன்ற உணவகங்கள் உருளைக்கிழங்கு வறுவலிலிருந்து ‘பிரெஞ்சு’ என்ற சொல்லை நீக்கி ‘விடுதலை’ என்று போட்டன; மூன்று ஆண்டுகளில் பழைய பெயரே சத்தமின்றித் திரும்பியது. 2021இல் குஜராத் அரசு டிராகன் பழத்தைக் ‘கமலம்’ ஆக்கியது. பழத்துக்குத் தெரியுமா தெரியவில்லை.

பெயரை மாற்றாமல் இருப்பதற்குத்தான் விலை அதிகம். ஹைதராபாத்தின் கராச்சி பேக்கரி 1953இல் தொடங்கப்பட்டது. நிறுவியவர் கான்சந்த் ராம்னானி, பிரிவினையின்போது கராச்சியை விட்டு வந்த சிந்தி. கொண்டுவர முடிந்தவற்றுள் ஊரின் பெயரும் ஒன்று. 2019இல் புல்வாமா தாக்குதலுக்குப் பின் பெங்களூரு இந்திராநகர்க் கிளை ‘கராச்சி’யைத் துணியால் மறைக்க நேர்ந்தது. 2025 மே மாதத்தில் சம்ஷாபாத் கிளையின் பெயர்ப்பலகையைச் சிலர் தாக்கினர். கடைகளில் தேசியக்கொடி ஏற்றி, இது முழுக்க முழுக்க இந்திய நிறுவனம் என்று உரிமையாளர்கள் சொல்ல வேண்டியதாயிற்று. எந்தப் பிரிவினையால் வீடிழந்தார்களோ அந்தப் பிரிவினையின் பெயரால் அவர்களையே நிற்கவைத்துக் கேள்வி கேட்பது வேடிக்கையில் சேராது. அகதியின் பெயர்ப்பலகையில் இருப்பது நினைவு. அதை வரைபடமாக வாசிப்பவருக்குச் சொற்பொருளியலில் முதற்பாடமே எஞ்சியிருக்கிறது.

பெரிய நிறுவனத்தின் கதை வேறு. தாக்குதல் தொடங்கிய மே 7 அன்றே ‘ஆப்பரேஷன் சிந்தூர்’ என்ற தொடரைக் கல்வி, பொழுதுபோக்கு வகையில் வணிகக்குறியாகப் பதிவுசெய்யக் கோரிய விண்ணப்பங்களுள் ஒன்று ரிலையன்ஸ் குழுமத்தினுடையது. எதிர்ப்பு எழுந்ததும் மறுநாளே அது திரும்பப் பெறப்பட்டது. இளநிலைப் பணியாளர் ஒருவரால் அனுமதியின்றித் தவறுதலாகத் தாக்கல் செய்யப்பட்டது என்பது விளக்கம். செயப்பாட்டு வினையை ஆராய்வோர் இவ்வாக்கியத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளலாம். நிறுவன அறிக்கைகளில் வழக்கமாக எழுவாய் காணாமற்போகும். ‘தவறு நேர்ந்துவிட்டது’ என்பதோடு முடியும். இதில் செய்தவர் இருக்கிறார், ஆனால் பெயரில்லை, பதவியின் உயரம் மட்டும் உண்டு. பொறுப்பு எத்தனை படி கீழே இறக்கப்பட்டது என்பதை வாக்கியமே அளந்து காட்டிவிடுகிறது. கூட்டம் சேர்ந்தால் பெயரை ஒளிப்பது சிறிய கடை. கூட்டம் சேருமுன் பெயரைப் பிடிப்பது பெரிய குழுமம்.

ஜெய்ப்பூரில் பெயர் மாறிய அதே வாரத்தில் ‘மைசூர்’ என்னும் சொல்லுக்கு உள்ளூரிலும் வழக்கு ஒன்று காத்திருந்தது. மைசூர் சாண்டல் சோப்பைத் தயாரிக்கும் கர்நாடக அரசு நிறுவனம் நடிகை தமன்னாவை 2 ஆண்டு 2 நாளுக்கு 6.2 கோடி ரூபாயில் விளம்பரத் தூதராக அமர்த்தியது. கன்னட நடிகையர் இல்லையா என்று கேள்வி எழுந்தது. மாநிலத்துக்கு வெளியே சந்தையைப் பெருக்குவதே நோக்கம் என்றார் அமைச்சர் எம்.பி. பாட்டீல். இரண்டு பக்கமும் தர்க்கம் இருந்தது. அரசின் சோப்பு என்பதால் அது மக்களின் சோப்பு. விற்க வேண்டிய சோப்பு என்பதால் அது சந்தையின் சோப்பு. வேடிக்கை என்னவெனில் அந்தத் தொழிலே ஒரு போரின் பிள்ளை. முதல் உலகப்போரில் ஏற்றுமதி தடைப்பட்டுச் சந்தன மரம் தேங்கியபோது மைசூர் அரசு தானே எண்ணெய் வடிக்கத் தொடங்கியது. சோப்பு அதன் பின்வந்தது. அந்தப் போரின்போது சந்தனத்தின் பெயரை மாற்ற வேண்டும் என்று எவருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. மீந்த மரத்தை என்ன செய்வது என்பதே அவர்களது கவலை.